14 கிலோ பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு போனில் என் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்டீர்கள். தூக்கக் கலக்கம் என்றேன். பொய். இடுப்புப் பிடித்துக்கொண்டு ஆறு நாளாக அறையில்தான் இருந்தேன். இப்போது பரவாயில்லை, நடக்கிறேன், வேலைக்கும் போய்விட்டேன். அம்மாவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

கிடங்கு வேலை என்று தெரிந்ததும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பெட்டி 14 கிலோ. 75 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகை மேல் நடந்தவர் பிள்ளைக்கு இது ஒரு எடையா? ஓடுகிற பெல்ட்டில் வருகிற பெட்டியை எடுத்துப் பக்கத்துப் பேலட்டில், அதாவது சரக்கு அடுக்குகிற பலகைத் தட்டில், அடுக்க வேண்டும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு மூன்று. மணிக்கு 180. இடைவேளை போக 7 மணி நேரம் என்றால் 1,260 பெட்டி, 17 டன்னுக்கு மேல். தூக்கம் வராத ஒரு ராத்திரியில் போட்ட கணக்கு. போடாமலே இருந்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பெட்டி தூக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. ஷிப்ட் முடிந்து ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்தேன். சுளீரென்று இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை இழுத்தது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூட வேலை செய்கிற ஒருவன், என் பாஷை அவனுக்குத் தெரியாது, அவன் பாஷை எனக்குத் தெரியாது, பேசாமல் மண்டி போட்டு என் இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டான்.

டாக்டர் எடுத்ததுமே ஒன்றுக்குப் போவது கட்டுப்பாட்டில் இருக்கிறதா, தொடை இடுக்கில் மரத்திருக்கிறதா என்று கேட்டார். கூச்சமாகிவிட்டது. அப்படி இருந்தால் முதுகுக்கு அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். எனக்கு அதெல்லாம் இல்லை. ஸ்கேன்கூட எழுதவில்லை. படுத்தே கிடக்காதே, முடிந்த வரை நட என்று அனுப்பிவிட்டார். நான் அதுவரை அசையாமல் கிடப்பதுதான் வைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

திரும்பப் போன அன்று பாதுகாப்புப் பயிற்சி தருகிறவர் ஒரு கணக்குக் காட்டினார். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராய்கிற நயோஷ் என்ற அரசு நிறுவனம் 1991-ல் திருத்தியது. எல்லாம் தோதாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம். தோது என்றால், பெட்டியைப் பிடித்த கை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதுவே 50 ஆனால் 23 பாதியாகிப் பதினொன்றரை. அதோடு உடம்பை 90 டிகிரி திருப்பினால் 8 கிலோ சொச்சம். குனிந்து எடுப்பது, எத்தனை தடவை எடுப்பது என்று சேர்க்கச் சேர்க்க இன்னும் இறங்கும். பேலட்டின் அந்தப் பக்க மூலைக்குக் கையை நீட்டி, காலை நட்டுக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்பித்தான் இத்தனை நாளும் அடுக்கியிருக்கிறேன். என் 14 கிலோ உங்கள் மூட்டையைவிட லேசு என்று யார் சொன்னது?

அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, காலை எடுத்து வைத்துத் திரும்பிக் காட்டியபோது சிரித்துவிட்டேன். "மாரோட அணைச்சுப் புடிடா, காலைத் திருப்பு, இடுப்பைத் திருப்பாதே." சின்ன வயதில் எதைத் தூக்கினாலும் நீங்கள் போட்ட அதே அதட்டல்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு ஆண் சுமக்கிற எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் சீக்கிரமாக அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அதற்கப்புறம் எத்தனை வருஷம் அப்பா நீங்கள் அந்த 75-ஐச் சுமந்தீர்கள்?

இடுப்பு பெல்ட் வாங்கி அனுப்புகிறேன் என்று மச்சான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அடிபடாமல் காக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் இன்னும் ரெண்டு பெட்டி கூடத் தூக்குவேன், அவ்வளவுதான்.

இப்போது பேலட்டைச் சுற்றி நடந்து போய் வைக்கிறேன். நிமிடத்துக்கு மூன்று என்பது இரண்டாகிவிட்டது. சூப்பர்வைசர் ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.

காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பீர்களே, ஏதோ யோசனை என்றுதான் நினைப்பேன். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் தட்டுகள் நீர் உறிஞ்சி உப்பிக்கொள்ளுமாம், அதனால்தான் விடிந்ததும் குனிய முடியாத விறைப்பு. இப்போது நானும் அப்படித்தான் உட்காருகிறேன்.

அப்புறம், உங்களுக்குக் கால் மரத்துப்போவது உண்டா? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது டாக்டர் என்னிடம் கேட்டதையெல்லாம் உங்களிடம் கேட்பேன். தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகன்