மலைக்கு வண்டி எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பயணத் திட்டத்தைப் படித்தேன். விடியலில் கிளம்பி, மதியம் உச்சிக்கு நடந்து, அந்தியில் விலங்கு பார்த்து, இரவோடு இரவாகக் கீழே இறங்குவதாகப் போட்டிருக்கிறாய். தயவுசெய்து இதை மாற்று. களைப்பு, இருட்டு, சூடேறிய பிரேக் மூன்றும் சேர்ந்து வருவது இறக்கத்தில்தான். எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்குவாய் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, மற்ற நேரங்களை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடு. முதல் நாள் பகலில் ஏறி மேலே தங்கு. மறுநாள் விடிந்ததும் நட. விலங்குகள் அதிகம் நடமாடும் நேரமும் அதுதான். மதியத்துக்குள் நடை முடிந்தால், சாப்பிட்டு ஓய்வெடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை இறக்கிவிடலாம்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1500 கிலோ எடையுள்ள கார் 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதை முழுக்க பிரேக் மேல் சுமத்தினால் இரண்டு விதமாகக் கைவிடும். பிரேக் பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரைவரை போய்விடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 என்ற தரவகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் சேர்ந்தபின் அதே அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால், கிளம்புமுன் மாற்றிவிடு.

ஆகவே வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை இஞ்சினிடம் கொடு. சரிவு தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடு. வேகம் பிடித்தபின் கியரைக் குறைப்பது கடினம். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' (குறைந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்று. பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராதே. நன்றாக அழுத்தி வேகத்தைக் குறை, பிறகு முழுதாக விடு. நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்றைய இஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காகச் செலவாகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரைமணி நேரம் ஆறவிடு. தண்ணீர் ஊற்றாதே, பிரேக் டிஸ்க்கில் விரிசல் விழலாம். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடு. ஏற்றத்தில் நின்று மறுபடி எடுப்பது அவர்களுக்குச் சிரமம்.

நடைக்கு, 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறினால் சுமார் 2 மணி 36 நிமிடம். இது நிற்காமல் நடப்பவர்களுக்கு. பறவைக்கும் படத்துக்கும் நிற்கும் உனக்கு ஒன்றரை மடங்கு வைத்துக்கொள். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே குறித்துவிடு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பு. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிரும் என்பதால், நனைந்தால் எளிதில் உலராத பருத்தி உடையைத் தவிர். தலையில் மாட்டும் டார்ச், மழைச்சட்டை, மணிக்கு அரை லிட்டர் வீதம் தண்ணீர் கட்டாயம். கால் நகங்களை வெட்டிக்கொள். இறங்கும் முன் ஷூ லேஸைக் கணுக்காலருகே இறுக்கு, இல்லாவிட்டால் விரல்கள் முன்னால் இடித்துப் புண்ணாகும்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். முதலில் வலது பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குச் சரிசெய். பிறகு இடது பக்கத்தை மூடி, வலது கண் வைக்குமிடத்தில் உள்ள வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குச் சரிசெய். விலங்கைக் கண்டதும் பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. காட்டில் மரங்கள் எல்லாம் செங்குத்துக் கோடுகள்; நடுவே படுக்கையாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே நிதானி, ஏதோ ஒன்றின் முதுகாக இருக்கலாம்.

பலரும் கவனிக்காதது காற்று. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறியதும் மேல்நோக்கிப் போகும். அதனால் விடியலில் கீழிருந்தும், வெயில் வந்தபின் மேலிருந்தும் பார். மாற்றிச் செய்தால் உன் வாசனை உனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும்.

மேய்ந்துகொண்டிருந்த விலங்கு தலைநிமிர்ந்து உன்னையே பார்த்தால், நீ ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டாய். ஓடாமல் மெல்லப் பின்வாங்கு. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் போகாதே. சாலையில் ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரலாம். தள்ளியே நிறுத்தி, லைட்டை டிம் செய்து, ஹாரன் அடிக்காமல் காத்திரு. வளைவில் நிறுத்தாதே, வண்டியை விட்டு இறங்காதே, தின்பதற்கு எதுவும் போடாதே. சாலையில் தீனிக்குக் காத்து நிற்கப் பழகிய விலங்கு வண்டியில் அடிபட்டுச் சாகலாம்.

எந்த மாதம் போகிறாய் என்று எழுதவில்லையே. பெருமழைக் காலமாக இருந்தால் தள்ளிப்போடு. ஊறிய மண் மழை நின்ற பிறகும் சரியும், ஆகவே அன்று வானம் தெளிவாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது. தேதியை முடிவுசெய்ததும் எழுது.

அன்புடன்,
அக்கா