கதைப்பேன், போவேன், வருவேன்

அன்பு மகளுக்கு,

இத்தாலியன் வகுப்பில் எதிர்காலம் தொடங்கிவிட்டது, வாய்பாடு மாதிரிப் பாடமாக்குகிறேன் என்று எழுதியிருந்தாய். பாடமாக்கத்தான் வேண்டும். ஆனால் பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும், பிள்ளை.

'பார்லாரே' என்றால் கதைப்பது. கடைசி 'ஏ' போய் விகுதி வரும், நடுவிலுள்ள 'ஆ' 'எ' ஆகும். பார்லெரோ, கதைப்பேன், பார்லெராய், கதைப்பாய், பார்லெரா, கதைப்பான். 'தொர்மிரே'யில் 'இ' மாறாது: தொர்மிரோ, நித்திரை கொள்வேன். விகுதிகள் எல்லா வினைக்கும் ஒன்றுதான். லத்தீன் பேசியவர்கள் வினையோடு 'ஹாபெயோ' (எனக்கு உண்டு) என்று சேர்த்துச் சொன்னது தேய்ந்துதான் அவை வந்தன. 'அவேரே' (உடையதாயிருப்பது) என்பதன் நிகழ்காலமான ஓ, ஆய், ஆ, அன்னோ பக்கத்தில் வைத்துப் பார், விளங்கும்.

சரோ (இருப்பேன்), அந்த்ரோ (போவேன்), வெர்ரோ (வருவேன்) மூன்றும் ஒழுங்கில் வராதவை. தினமும் தேவைப்படுவதால் முதலில் இவற்றைப் பிடி. 'ரோ'வை அழுத்திச் சொல். பார்லெரெமோ என்றால் கதைப்போம். 'ம்' இரட்டித்துப் பார்லெரெம்மோ ஆனால், 'முடிந்தால் கதைப்போம்' என்ற வேறு வடிவம். படு, பட்டு என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காது உனக்கு, அதனால் தடுமாற மாட்டாய்.

இங்கே பலெர்மோவில் 'தொமானி வெங்கோ' என்றுதான் அதிகம் கேட்பாய். நாங்கள் 'நாளைக்கு வாறன்' என்பதுபோல நிகழ்காலம்தான். சிசிலியன் பேச்சில் எதிர்கால வடிவம் அநேகமாக இல்லை. அதைப் பார்த்து உன் பாடத்தை விட்டுவிடாதே.

எதிர்கால வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அதால் ஊகம் சொல்வது. மணி தெரியாதபோது 'சரன்னோ லே ஓத்தோ' என்பார்கள்: எட்டு மணி இருக்கும். 'சரா ஆ காசா': வீட்டில் இருப்பான். அப்படியே எங்கள் பேச்சு! ஆனால் வழக்கத்தைச் சொல்லும்போது கவனம். 'காலையில் தேத்தண்ணி குடிப்பேன்' என்பதை எதிர்காலத்தில் சொன்னால், இனிமேல்தான் குடிக்கப் போகிறாய் என்று நினைப்பார்கள். அங்கே நிகழ்காலம், 'பேவோ'.

இன்னொன்று. 'நீ வந்ததும் போவோம்' என்பதில் நாங்கள் 'வந்ததும்' என்கிறோம். அவர்கள் இரண்டையும் எதிர்காலத்தில் வைப்பார்கள்: 'குவாந்தோ அர்ரிவெராய், அந்த்ரெமோ'. செப்டம்பர் 4 பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் நாள். எங்கள் ஆட்கள், சைவக்காரரும்தான், மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குப் போவார்கள். அதற்குள் நீ வந்துவிடுவாய். அந்த வாக்கியத்தை மலையின் பெயரோடு முழுதாக்கி, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா