பிள்ளைகளின் மனப்பதற்றம் குறித்துப் பெற்றோருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

வயிற்றுவலி, தலைவலி, குமட்டல் என்று சொல்லிக் காலையில் பள்ளிக்கு வர மறுக்கும் மாணவர்கள், குறிப்பாக ஆறாம் ஆண்டில், அண்மையில் கூடியிருக்கிறார்கள். கிளினிக்கில் பரிசோதித்தால் குறையேதும் தெரிவதில்லை; விடுமுறையில் வலியும் வருவதில்லை. இதை நடிப்பென்று கருத வேண்டாம். மனம் பதறும்போது வயிறும் நெஞ்சும் சேர்ந்தே பதறுவதால், பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கிறது. அடுத்து இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் எல்லாம் மலாய்மொழியில் இருக்குமே என்று சற்று அஞ்சுவது இயல்புதான். அவ்வச்சம் உறக்கத்தையும் பாடத்தையும் நட்பையும் வாரக்கணக்கில் கெடுக்குமானால், பதற்றக் கோளாறா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இரக்கப்பட்டு வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்று கிடைக்கும் அந்த நிம்மதியே நாளைய அச்சத்தை வளர்க்கிறது. முழுநாள் இயலாவிட்டால் ஓய்வுநேரம் வரையிலாவது அனுப்புங்கள். அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்து தருகிறோம்.

பதற்றத்தோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது உண்டு. பெரும்பாலும் பதற்றமே முந்தி வருகிறது. அஞ்சி அஞ்சி விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு விலகும் பிள்ளைக்கு, மகிழ்ச்சி தரக்கூடியவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. தூக்கமின்மை, களைப்பு, கவனக்குறைவு ஆகியவை இரண்டிலும் காணப்படுவதால், எது எதுவென்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது. சிறுவர்களிடம் மனச்சோர்வு அழுகையாக அல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும் என்பதால், 'வாய் நீளுகிறது' என்று பிரம்பை எடுக்குமுன் யோசியுங்கள். பிடித்தவற்றில்கூட நாட்டமின்றி இரண்டு வாரம் கடந்தால் காத்திருக்க வேண்டாம்.

முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். தேவையானால் அவர்களே பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளுக்குப் பொதுவாக முதலில் பரிந்துரைக்கப்படுவது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை: அஞ்சுவதைச் சிறுசிறு படிகளாக எதிர்கொள்ளப் பழக்கும் முறை, இதில் பெற்றோருக்கும் பங்குண்டு. அது போதாதபோது புளூவோக்செடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகளை மருத்துவர் சேர்க்கலாம். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. ஆனால் பலன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். தொடக்க வாரங்களில் பிள்ளையின் நடத்தையைக் கூர்ந்து கவனிப்பதும், மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தாமலிருப்பதும் மிக முக்கியம். கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறைசொல்லவில்லை. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாகவேண்டும் என்று பிள்ளை சொன்னால், அதை விளையாட்டுப் பேச்சென்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மனம்விட்டுப் பேசச் சுகாதார அமைச்சின் 15555 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளது. எங்கள் ஆலோசக ஆசிரியரைப் பள்ளி நேரத்தில் சந்திக்கலாம். நீங்கள் சொல்பவை மற்ற ஆசிரியர்களிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ போகா.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்