எடை மெஷினும் ஒரு போனும்

அன்பு மல்லி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல். இங்கே மான்செஸ்டரில் வழக்கம்போல மழைதான்.

"தொட்டுப் பார்க்காமல் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளியை எப்படிடி கவனிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். வார்டிலிருந்து, வீட்டில் இருக்கும் நோயாளிகளைத் தூரத்திலிருந்தே கண்காணிக்கும் இந்த நர்ஸ் வேலைக்கு மாறியபோது எனக்கும் அதே சந்தேகம்தான். டிஸ்சார்ஜ் ஆகிறவர் கையில் எடை மெஷின், பிபி மெஷின், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ஒரு டேப்லெட் எல்லாம் கொடுத்து அனுப்புகிறோம். காலையில் பாத்ரூம் போய்விட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். எண்கள் எங்கள் திரைக்கு வந்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் திரையில் சிவப்பு எச்சரிக்கை விழும். அது சதை இல்லை, இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாததால் உடம்பில் தேங்கும் நீர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் மூச்சு வாங்குவதற்குச் சில நாள் முன்பே எடை ஏறத் தொடங்கும். அந்தச் சில நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

போன வாரம் ஒரு தாத்தாவுக்குச் சிவப்பு. வீடியோவில் கூப்பிட்டேன். "நன்றாக இருக்கிறேன்" என்றார், ஆனால் அந்த ஒரு வரிக்கே நடுவில் மூச்சு எடுத்தார். தாத்தாவின் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தும்படி பாட்டியிடம் சொன்னேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, காலில் நீர் கோத்திருக்கிறது. நீர் சேர்ந்தால் தட்டையாகப் படுக்கும்போது மூச்சு முட்டும் என்பதால், ராத்திரி எத்தனை தலையணை என்று கேட்டதும் பாட்டி முந்திக்கொண்டார்: "படுப்பதே இல்லை, நாற்காலியில்தான் தூங்குகிறார்." நீர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினேன், உப்பு போட்ட பன்றி இறைச்சியை நிறுத்தினேன், கிட்னி, பொட்டாசியம் பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு வராமலே நீர் வடிந்தது.

எல்லாச் சிவப்பும் அப்படி இல்லை. ஒருவர் ஷூவும் கோட்டுமாக மெஷினில் ஏறியிருப்பார். இன்னொருவர் வீட்டில் மனைவி ஏறி நின்ற எண் வந்துவிடும். வயதானவர்கள் எடையைக் கிலோவில் சொல்வதே இல்லை, ஸ்டோன், பவுண்டு என்பார்கள். ஒரு ஸ்டோன் ஆறு கிலோ சொச்சம். ஸ்டோன் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டு கிலோ ஏற்றம் அவர்கள் கண்ணில் படாது.

நான் சொல்ல வந்தது வேறு. மெஷின் கொடுத்தால் மட்டும் போதாது. கலிபோர்னியாவில் ஆறு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இதைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டன. எண்கள் வந்தன, நர்ஸ்களும் போன் செய்தார்கள். ஆனால் ஆறு மாதத்தில் திரும்ப அட்மிட் ஆனவர்கள், இப்படிக் கண்காணிக்கப்பட்டவர்களிலும் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர். இரண்டு வருடம் கழித்து ஜெர்மனியில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது இறப்பே குறைந்தது: வழக்கமான கவனிப்பில் வருடத்துக்கு நூற்றுக்குப் பதினொன்று, கண்காணிக்கப்பட்டவர்களில் எட்டு. அங்கே டாக்டரும் நர்ஸும் 24 மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்கள், மருந்தை மாற்றும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் அந்த அதிகாரம்தான் வித்தியாசம் என்றே என் அனுபவம் சொல்கிறது. "உங்கள் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்வதற்கு மட்டும் நான் போன் செய்தால், அந்த டாக்டரைப் பார்ப்பதற்குள் நோயாளி காஷுவாலிட்டிக்கு வந்துவிடுவார். 2006 முதல் இங்கே தனிப் பயிற்சி முடித்த நர்ஸ்கள் ஏறக்குறைய எல்லா மருந்தையும் எழுதலாம். அதனால்தான் அந்தத் தாத்தாவுக்கு அன்றைக்கே மருந்தை மாற்ற முடிந்தது.

அப்புறம், ஆக்ஸிமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. கருத்த தோலில் அது உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். நம் ஊருக்கு இது முக்கியம்.

உங்களுக்கு டேப்லெட்டெல்லாம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக பிபி, சுகர் பார்க்கத்தான் போகிறார்களே. ஹார்ட் நோயாளி வீட்டில் ஒரு எடை மெஷின், காலண்டரில் தினமும் எடை, இரண்டு கிலோ ஏறினால் உனக்கு ஒரு மிஸ்டு கால். ஊறுகாய், கருவாடு, அப்பளம் பற்றி நீ திட்டிக்கொள்ளலாம். ஆனால் லாசிக்ஸை, அதாவது நீர் மாத்திரையை, எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் கூட்டலாம் என்று உங்கள் டாக்டரிடம் முதலில் எழுத்தில் வாங்கிவிடு. வாய்வார்த்தையில் வேண்டாம்.

எங்கள் படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று எழுது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தப்பிக்காதே.

உன்,
செல்வி