ஆக்‌ஷன் ஹீரோ காதல் காமெடிக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சண்டைப் படங்களால் பேர் வாங்கிய ஒரு முன்னணி நடிகர் அடுத்து கலகலப்பான காதல் படம் ஒன்றில் நடிக்கப் போகிறார் என்ற செய்தியை உங்கள் இதழில் படித்தேன். அடுத்த இதழிலேயே "இவருக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்ததையும் படித்தேன். எனக்கோ அந்தச் செய்தி அத்தனை சந்தோஷமாக இருந்தது.

நான் மதுரைப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது தொடங்கி, கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பல் கப்பலாக வந்தவர்களின் வாரிசுகள் இந்தப் பிள்ளைகள். கோவெண்டர், மூட்லி, பிள்ளை என்று பெயர்களில் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தைப்பூசக் காவடிக்கும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கும் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். வீட்டில் பேசுவது மட்டும் ஆங்கிலம். கோவிலில் தேவாரம் கேட்பார்கள். அதை விட்டால் இவர்கள் காதில் தமிழ் விழுவது சினிமாவில்தான்.

அந்த சினிமாவிலும் கடல் தாண்டி எங்கள் தியேட்டர் வரைக்கும் வந்து சேர்வது பெரும்பாலும் பெரிய நடிகர்களின் படம். புதுமுகங்கள் நடித்த அருமையான குடும்பப் படங்கள் அங்கே ஓடி முடிந்த பிறகுதான் எங்களுக்குப் பெயரே தெரியவரும். விநியோகஸ்தர்களை இதில் குறை சொல்ல முடியாது. யார் முகம் போஸ்டரில் இருக்கிறதோ அதற்குத்தான் இங்கே டிக்கெட் விற்கும். அந்தப் பெரிய நடிகர்களோ வரிசையாகக் கத்தியும் துப்பாக்கியுமாகவே நடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மாணவன் ஒருவன் பஞ்ச் டயலாக்கெல்லாம் கழுத்தைச் சாய்த்து, கண்ணாடியைச் சுழற்றி அப்படியே சொல்வான். ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் ஆயாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க முடியாதே!

ஆக்‌ஷன் நடிகருக்கு இந்த மாதிரிப் படம் ஒத்துவராது என்று எழுதியிருக்கும் அன்பர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். கிரே தெரு வட்டாரத்தில் ஷாஜகான், அவலான் என்று தியேட்டர்கள் களைகட்டிய காலத்து மனுஷி என் மாமியார். அவருக்கு எம்.ஜி.ஆர். என்றால் உயிர். வாள் சண்டையும் சிலம்பமுமாக எத்தனையோ படங்கள் பார்த்திருந்தாலும், இன்றைக்கும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பது 1966 பொங்கலுக்கு வந்த 'அன்பே வா'வைத்தான். ஏவி.எம். எடுத்த ஒரே எம்.ஜி.ஆர். படம் அது. கோடீஸ்வரரான எம்.ஜி.ஆர். ஓய்வெடுக்கத் தன் சிம்லா பங்களாவுக்குப் போகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நாகேஷ் அதை வேறு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். முதலாளி தன்னைக் காட்டிக்கொள்ளாமல், தன் வீட்டிலேயே வாடகை கொடுத்துத் தங்குகிறார். ஏழைப் பங்காளனாகவே பார்த்துப் பழகிய ஒருவரைச் சரோஜாதேவி சீண்டச் சீண்ட, அவர் பதிலுக்குச் சீண்ட, படம் முழுக்க அப்படி ஒரு உற்சாகம். அதிலும் சிட்டிங் புல் என்ற மல்யுத்த வீரரோடு ஒரு சண்டையை வைக்காமல் விடவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து 'தில்லு முல்லு'. 'பில்லா'வும் 'முரட்டுக்காளை'யும் வந்த 1980க்கு மறுவருடமே, பாலசந்தர் ரஜினியை இப்படி ஒரு முழுநீளச் சிரிப்புப் படத்தில் நடிக்க வைத்தார். அதன் நேர்முகத் தேர்வுக் காட்சியைத்தான் வகுப்பில் போட்டுக் காட்டுவேன். தேங்காய் சீனிவாசன் முன்னால் பயபக்தியோடு நின்று, 'அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் இந்திரன்' என்று ரஜினி முழுப் பெயரையும் சொல்லும்போது வகுப்பே குலுங்கும். உடனே ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தா பெயர், அவர் அப்பா பெயர் என்று கோத்து நீளமாகச் சொல்லிப் பார்க்கும். போன முறை ஒரு பெண், மீசை வைத்தவர் அண்ணன், மீசை இல்லாதவர் தம்பி என்று ரஜினி விடுகிற புளுகை நம்பிக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ ஒரே ஆள்தானா, டீச்சர்?" என்று தமிழிலேயே கேட்டாள். சப்டைட்டிலை மறைத்துவிட்டுத்தான் போட்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு உண்டான நிறைவைச் சொல்லி மாளாது.

இந்தப் படங்களில் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. சண்டைப் படத்தில் ஹீரோவுக்கு எல்லாம் தெரியும். யாரிடமும் அவர் மாட்ட மாட்டார். காதல் காமெடியில் அவர் பொய் சொல்ல வேண்டும், மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும், ஏமாற வேண்டும். 2011இல் வந்த 'காவலன்' படத்தில் விஜய்க்கு அதுதான் நடந்தது. மெய்க்காப்பாளன் வேலைக்கு வந்தவர், யாரைக் காக்க வந்தாரோ அந்தப் பெண்ணே போனில் வேறு யாரோ மாதிரி பேச, குரலை வைத்தே காதலில் விழுந்து தவிக்கிறார். அடித்து நொறுக்கக்கூடிய ஆள் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தத் தவிப்பு இன்னும் அழகாக இருக்கிறது. மென்மையான ஒரு நடிகர் அதே காட்சியில் நடித்தால் இவ்வளவு சிரிப்பு வராது என்பது என் கருத்து. அதே விஜயின் 'சச்சின்', 2005 தமிழ்ப் புத்தாண்டன்று 'சந்திரமுகி'யோடு ஒரே நாளில் வெளியான படம். 20 வருடம் கழித்து மறுபடி திரையிட்டபோதும் தியேட்டருக்குப் போய்க் கொண்டாடினார்களே!

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'டெர்மினேட்டர்', 'பிரிடேட்டர்' என்று வந்த அர்னால்டு, 1988இல் 'ட்வின்ஸ்' நகைச்சுவைப் படத்தில் சம்பளம் வாங்காமல் லாபத்தில் பங்கு கேட்டு நடித்தார். படமும் வசூலை வாரிக் குவித்தது.

அந்த நடிகருக்கு இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் நல்லது. ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து, இடைவேளைக்கு முன்னால் நாலு பேரைப் பறக்கவிடும் காட்சியைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். கதாநாயகிக்கு அவருக்குச் சமமாகப் பேச வாய் கொடுங்கள். பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், காய்காரம்மா எல்லோரும் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும். "சாப்டியா?", "எங்க போய்ட்டு வர்ற?", "பொய் சொல்லாத!" என்ற சாதாரணப் பேச்சைத்தான் எங்கள் பிள்ளைகள் கேட்க ஏங்குகிறார்கள். சின்ன நடிகர் நடித்த படத்திலும் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் அது டர்பனுக்கு வராது. இவர் நடித்தால் வரும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். படம் வந்ததும் விமர்சனம் எழுதுவீர்கள். அதில் மாஸ் காட்சி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 'தில்லு முல்லு' இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது என்றால் அதில் விசுவின் வசனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் படத்துக்கு வசனம் யார், அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். வகுப்பில் போட்டுக் காட்டலாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.