பாலிஷ் போடச் சொல்லி யார் கேட்டது?

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், நாணய மதிப்பீட்டுப் பிரிவு.
பொருள்: மதிப்பீட்டுக்கு அனுப்பிய 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் பாழானது தொடர்பாக.

ஐயா,

சென்ற மாதம் 6ஆம் தேதி உங்கள் இணையதளத்தில் 1,800 ரூபாய் கட்டி இரண்டு பொருட்களை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். ஒன்று 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். மற்றது ஒரு பழைய ஒரு ரூபாய் நோட்டு. 24ஆம் தேதி நாணயம் கூரியரில் திரும்பி வந்தது. பிரித்ததும், வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் அனுப்பியது கறுத்துப்போன காசு. வந்தது புதுக் கொலுசு மாதிரி மின்னியது.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். "சார், ஃப்ரீயாத்தான் சார் சுத்தம் பண்ணிக் கொடுத்திருக்கோம்" என்றார் அந்தத் தம்பி. நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போல. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நாணயத்தை மதிப்பிடவே கடை திறந்திருக்கிற நீங்கள் இதைச் செய்யலாமா?

1911 ரூபாயை ஏன் தேடி வாங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்னரின் மேலங்கியில் உள்ள சின்ன யானைக்குத் தும்பிக்கை குட்டையாக விழுந்து, அது பன்றி போலத் தெரிந்தது. மக்கள் முகம் சுளித்தார்கள். 1912இல் அச்சைத் திருத்தினார்கள், வெளியே விடாமல் வைத்திருந்த பழைய காசுகளை உருக்கினார்கள். 'பன்றி ரூபாய்' என்று பேரே வைத்துவிட்டார்கள் சேகரிப்பவர்கள். ஆக, இந்தக் காசில் முதலில் பார்க்க வேண்டியதே அந்த யானைதான். உங்கள் ஆள் மெஷினில் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் இப்போது அங்கே யானையும் இல்லை, பன்றியும் இல்லை. ஒரு மேடு இருக்கிறது.

என் அப்பா சேலம் உருக்காலையில் காசுக்கான வில்லை வெட்டும் பிரிவில் இருந்தவர். அச்சு விழாத வெறும் வில்லை எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு சுற்று விட்டிருந்தால் இதுவும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

இதைவிடக் கொடுமை உங்கள் சான்றிதழ். "சுத்தம் செய்யப்பட்ட நாணயம், எனவே தரம் குறைக்கப்படுகிறது" என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். சுத்தம் செய்தது யார்? ஒரு மேசையில் தேய்த்துவிட்டு, அடுத்த மேசையில் தேய்ந்ததற்கு மார்க் குறைப்பதா? அனுப்புவதற்கு முன் போட்டோவைப் பார்த்து 6,000 முதல் 8,000 வரை போகும் என்று சொன்னதும் நீங்களேதான். அந்த மின்னஞ்சல் என்னிடம் இருக்கிறது.

புகார் சொன்ன பிறகு, நஷ்ட ஈடாகப் பத்தரை கிராம் வெள்ளிக்கு உண்டான விலையைத் தருவதாக எழுதினீர்கள். சரி, எடை போட்டு வெள்ளி விலை சொல்ல எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார்கள், அதற்குக் கூரியர் செலவு எதற்கு? அனுப்பும் முன் பக்கத்துக் கொலுசுப் பட்டறைத் தராசில் நிறுத்தபோது 11.58 கிராம் இருந்தது. திரும்பி வந்ததும் அதே தராசில் 11.49. 11.49இல் கலப்பு உலோகம் போக மிஞ்சும் வெள்ளிதான் அந்தப் பத்தரை கிராம். ஆக, குறைந்த எடையை வைத்துத்தான் உங்கள் கணக்கும் போட்டிருக்கிறது. நீங்கள் தேய்த்துக் கரைத்த வெள்ளியும் என் தலையில்தான்!

அந்தக் காசு, என் பாட்டி ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கப் போன காலத்தில் அவர் மாமியார் கொடுத்தது. மாமியார் கையால் வாங்கிய ஒரே காசு அதுதான் என்று பாட்டி கடைசி வரை சொல்லிக் காட்டுவார். சுருக்குப்பையில் கிடந்து கிடந்து ஏறிய கறுப்பு அது. அதை உங்களால் திருப்பித் தர முடியாது, அதனால் அதைக் கேட்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: கட்டணம் 1,800 முழுவதும் திரும்ப வேண்டும். நீங்களே சொன்ன மதிப்பில் குறைந்தது 6,000 ரூபாயாவது நஷ்ட ஈடாக வேண்டும். காசைத் தேய்த்தது உங்கள் நிறுவனம்தான் என்று எழுத்தில் வேண்டும்.

இணைய வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. காசின் பழைய போட்டோ, புதிய போட்டோ, தராசுச் சீட்டு இரண்டும் இணைத்திருக்கிறேன்.

அப்புறம், அந்த ஒரு ரூபாய் நோட்டு. மின்னஞ்சலில் வந்த சான்றிதழில் "ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து" என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு, அதில் இருப்பது நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து. திருத்திவிடுங்கள். நோட்டு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து இஸ்திரி போடாமல், லேமினேட் செய்யாமல், இருக்கிற மடிப்போடு அப்படியே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்