அலமாரியில் நீ மறந்துவிட்டுப் போன களிம்பு

டோம்பிவிலி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கார்த்தி,

பொங்கலுக்கு வந்து போனாயே, குளியலறை அலமாரியில் ஒரு களிம்பை மறந்து வைத்துவிட்டாய். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கி, வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் மிச்சம். அம்மா கண்ணில் படுவதற்குள் எடுத்து என் பெட்டியில் வைத்துவிட்டேன். அது மூலத்துக்குத் தடவும் களிம்பு என்று தெரிந்துகொள்ள நான் படித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இதே மாதிரி ஒன்றை நாலு வருஷம் ஷேவிங் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தவன் நான். போனில் இதைப் பேச உனக்கும் வாய் வராது, எனக்கும் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஸ்கூலுக்குப் போன காலத்தில் விடிகாலை லோக்கல் ரயிலை விட்டால் எனக்கு ஆபீஸ் இல்லை. வயிறு கூப்பிடும், அடக்கிக்கொண்டு ஓடுவேன். அடக்க அடக்க மலத்தில் இருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடும், அது இறுகிப்போகும். அப்புறம் முக்கித்தான் ஆக வேண்டும். ஆசனவாய்க்குள் எல்லோருக்குமே ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தென்ற திண்டுகள் உண்டு. முக்கி முக்கி அவை வீங்கிக் கீழே இறங்குவதுதான் மூலம். நானோ உடம்புச் சூடு என்று நினைத்து மோரும் வெந்தயமுமாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

வலி இல்லை, சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் மட்டும். உள்மூலம் அப்படித்தான், வலிக்காததால் தள்ளிப்போடத் தோன்றும். வெளிமூலத்தில் ரத்தம் கட்டிக்கொண்டால்தான் உட்காரவே முடியாத வலி. ஒருநாள் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறும்போது பாதிப் படியில் மூச்சு வாங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8தான், கடுமையான ரத்தசோகை. சொட்டாகப் போனது நாலு வருஷத்தில் அவ்வளவாகியிருந்தது.

அப்போதாவது நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேனா? ரயில் பெட்டியில் 'பவாசீர்', அதாவது மூலம், என்று இந்தியில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அதைப் பார்த்து ஒரு ஆளிடம் போனேன். 'ஒரே ஊசி, ஆபரேஷன் வேண்டாம்' என்றார். என்ன மருந்து என்று சொல்லவில்லை. ஒரு வாரம் சீழும் காய்ச்சலுமாகக் கிடந்தேன். உன் அம்மாவுக்கு அன்றுதான் எல்லாம் தெரிந்தது. அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு பார்த்த சர்ஜன் சின்னக் குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். வீங்கிய திண்டின் அடியில் ஒரு குட்டி ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டார். ரத்த ஓட்டம் நின்று ஒரு வாரம் போல அது சுருங்கி விழுந்துவிடும். அந்த இடத்தில் வலி உணரும் நரம்பு இல்லாததால் மயக்க மருந்தே கொடுக்கவில்லை. இரண்டு நாள் கனமாக இருந்தது, அவ்வளவுதான். எல்லோருக்கும் இது போதாது. வெளியே தள்ளி, விரலால் தள்ளினாலும் உள்ளே போகாத நிலைக்கு வந்துவிட்டால் அறுவை சிகிச்சை, சில வாரம் ஓய்வு. இத்தனை எளிதான வைத்தியத்துக்கா நாலு வருஷம் பயந்து கிடந்தோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

கார்த்தி, ஒன்று மட்டும் கவனமாகக் கேள். என் பக்கத்து மேஜைக்காரரும் இரண்டு வருஷம் பைல்ஸ் என்றே நினைத்து மருந்துக்கடையில் வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். அது பெருங்குடல் புற்றுநோய். உனக்கு 29 வயது, அநேகமாக மூலமாகத்தான் இருக்கும். ஆனால் அதை நீயும் நானும் முடிவு செய்யக் கூடாது, டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். மலம் கறுத்தாலோ, எடை இறங்கினாலோ, வெளிக்குப் போகும் வழக்கம் மாறினாலோ, அதையும் மறைக்காமல் சொல். ரத்தம் நிறையப் போய்த் தலை சுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. ஸ்டீராய்டு கலந்த களிம்பை டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தடவாதே, தோல் மெலிந்துவிடும்.

பெங்களூரில் உன் பி.ஜி. சாப்பாட்டை நானே பார்த்தேன்: காலையில் மைதா பரோட்டா, ராத்திரி வெள்ளைச் சோறு. ஹாப்காம்ஸ் பழம், காய்கறிக் கடையில் கொய்யாவும் கீரையும் கிடைக்கும். சுண்டல் ஊறப்போட அடுப்பு வேண்டாம். வேகவைக்க மட்டும் அந்தச் சமையல்கார அண்ணனிடம் கேள். நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாதே, வயிறு உப்பும். இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியை எடுத்தால் தண்ணீர் நிறையக் குடி, இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் போன். கழிப்பறைக்குள் அதை எடுத்துக்கொண்டு போய் அரைமணி உட்காருகிறாய், இங்கேயே பார்த்தேன். வந்தால் போ, வராவிட்டால் ஐந்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடு. மேற்கத்தி டாய்லெட்டில் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டால் முக்குவது குறையும். எரிந்தால் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார். உன் பாட்டி துத்திக் கீரை வதக்கித் தருவாள், கருணைக்கிழங்கு மசியல் செய்வாள். சாப்பிடு, நல்ல சாப்பாடுதான். ஆனால் அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதே.

இந்த வாரமே ஒரு சர்ஜனிடம் நேரம் வாங்கு. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் தேதியை மட்டும் சொல். கல்யாண் ஸ்டேஷனில் உத்யான் எக்ஸ்பிரஸ் ஏறி பெங்களூருக்கு வந்துவிடுகிறேன். உள்ளே நீ போ, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன். அதுவும் உண்மைதானே.

அன்புடன்,
அப்பா